பூஜைக்கு வைத்த ரெஞ்ச்

கிள்ளிப்பாலத்தில் ஹரிகுமாரின் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் முதலாளியைத் தேட மாட்டார்கள். "பாண்டியண்ணன் உண்டோ?" என்றுதான் கேட்பார்கள். வீரபாண்டி என்ற பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறார்களா, தமிழனுக்கு இந்த மலையாள ஊரில் வைத்திருக்கும் பட்டப்பெயரைச் சொல்கிறார்களா என்று ஆரம்பத்தில் அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு தடவை அதற்காகச் சண்டைக்கும் போனார். பிறகு விட்டுவிட்டார். எந்தப் பாண்டியாக இருந்தால் என்ன, வண்டி ஓடினால் சரி.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்னே ரயிலேறி வந்தவர். சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் இலை எடுத்தார். லாரி ஷெட்டில் கிரீஸ் துடைத்தார். ஹரிகுமாரின் அப்பா காலத்தில் இந்த ஒர்க்‌ஷாப்பில் நுழைந்தவர், அப்பா போய் மகன் வந்தும் இங்கேயே இருக்கிறார். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் கெட்டது. "நீங்க பில் போடுற வேலையைப் பாருங்க சாரே, பானெட்டுக்குள்ள தலையை விடாதீங்க" என்று முதலாளியிடமே சொல்வார். ஹரிகுமாரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார். கறக்கிற மாடு கொஞ்சம் உதைத்தால் என்ன செய்வது?

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. டைமிங் பெல்ட் மாற்றும் வேலை என்றால் யாரையும் பக்கத்தில் விட மாட்டார். டைமிங் பெல்ட் என்பது உள்பக்கம் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. என்ஜினின் அடியில் சுற்றுவதையும் தலையில் திறந்து மூடுவதையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது அதுதான். ஓட்டத்தில் அது அறுந்தாலோ பல் தாண்டினாலோ உள்ளே இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். அந்த நிமிஷமே வண்டி பிணம். அதனால் புது பெல்ட்டை மாட்டியதும் வீரபாண்டி என்ஜினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பார். குறிகள் நேருக்கு நேர் வந்து நின்றால்தான் அடுத்த வேலை. பெல்ட்டைத் தொய்யாமல் பிடித்திருக்கும் டென்ஷனர் உருளைக்கு ஒரு நட்டு இருக்கிறது. அதைக் கடைசியாக டார்க் ரெஞ்ச் போட்டு முறுக்குவார். அந்த ரெஞ்சில் அளவை வைத்துவிட்டால், முறுக்கு போதுமான அளவுக்கு வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் டீ குடிக்கப் போவார். "டிக் கேட்டாச்சா அண்ணா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். "உன் மண்டையில ஒரு நட்டு இருக்கு, அதையும் முறுக்கணும்" என்பார்.

அவரிடம் வருகிற வண்டிகளில் அவர் அதிகம் திட்டுவது மலைமேல் போனக்காட்டு ஆறுமுகசாமியின் வண்டியைத்தான். வெள்ளை டாக்ஸி, டீசல், வயசான வண்டி. ஆறுமுகசாமி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் மகன். இப்போதும் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில்தான் குடியிருப்பு. டாக்ஸி என்று பெயரே தவிர, பாதி நாள் லயத்துக்காரர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. அதிலும் முக்கால்வாசி அவருடைய மனைவி செண்பகவல்லிக்காக.

செண்பகவல்லிக்கு இளைப்பு. மலையில் மழை மூடினால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். உறிஞ்சுகிற மருந்தில் கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் காட்டுப்பாதையில் அடிவாரத்து விதுரை ஆஸ்பத்திரிக்கு இறங்கியாக வேண்டும். ஒருமுறை உதடு நீலமாகி இறங்கி, ஊசி போட்டுப் பிழைத்து வந்தாள். போனக்காட்டுக்குப் பஸ் உண்டு. ஆனால் பஸ் அதன் நேரத்துக்கு வரும், இளைப்பு அதன் நேரத்துக்கு வரும். "என் மூச்சு இந்த வண்டியிலதான் இருக்கு அண்ணாச்சி, நல்லாப் பாத்துக் குடுங்க" என்று வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். தேயிலைத்தூள் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கருவிகள் வைக்கும் மேசையில் வைப்பாள். பிள்ளையில்லாத வீட்டில் வீரபாண்டியின் மனைவி பிரேமா அதைப் பொங்க வைத்துக் குடிக்கும்போது செண்பகவல்லியைத் தங்கச்சி என்றே சொல்வாள், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

அன்று அஷ்டமி. நவராத்திரிக்கு வேளிமலை முருகன் ஊர்வலமாக ஆரியசாலைக் கோயிலுக்கு வந்து தங்கியிருந்தார். அந்தப் பக்கமெல்லாம் கூட்டம். ஆறுமுகசாமி செண்பகவல்லியை ஆஸ்பத்திரியில் காட்ட அழைத்து வந்தவர், "என்னமோ சத்தம் கேக்குது, பாத்து வைங்க" என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார். வீரபாண்டி மூடியைக் கழற்றினார். பெல்ட்டை விரலால் மடக்கினார். வெடிப்புகள் வாயைத் திறந்தன. இரண்டு பற்கள் வேரோடு ஆடின.

மத்தியானம் இருவரும் திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டார். "இதை வச்சுக்கிட்டா பொண்டாட்டியை ஏத்திட்டு மலை இறங்குனே? புத்தி இருக்காடே உனக்கு?"

"ஓடுச்சுல்லா அண்ணாச்சி" என்றார் ஆறுமுகசாமி.

"ஓடும். நிக்கும்போதுதான் தெரியும்."

வாய் முகூர்த்தம் என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கிருந்துதான் வந்து உட்காருமோ.

புது பெல்ட் வாங்க ஆள் போனது. பண்டிகைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, வெயில் சாய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஹரிகுமார் ஒர்க்‌ஷாப்பைக் கழுவிவிட்டார். ஆபீஸ் அறையில் சரஸ்வதி படம், பழவங்காடிப் பிள்ளையார் படம், பட்டுத்துணி, குத்துவிளக்கு எல்லாம் வந்துவிட்டன.

நம் பக்கத்தில் ஆயுத பூஜை ஒரு நாள் கூத்து. பொரியும் கடலையும் தின்றால் முடிந்தது. இங்கே அப்படியில்லை. அஷ்டமி சாயங்காலம் கருவிகளைப் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். இடையில் ஒரு திருப்புளியைக்கூடத் தொடக் கூடாது. ஹரிகுமாரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வீரபாண்டிக்கும் அதில் நம்பிக்கை உண்டு. முன்பு ஒரு தடவை செல்வகணேஷ் என்ற வேலைக்காரன் பூஜையில் இருந்த ஜாக்கியை நடுவில் எடுத்துவிட்டான். அடுத்த மாதமே அதே ஜாக்கி சறுக்கி அவன் கை நசுங்கியது. அந்தக் கையோடு அவன் ஊருக்கு ரயிலேறியதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாருக்குத் தைரியம் வரும்?

வீரபாண்டி அவசரமாகத்தான் செய்தார், ஆனால் ஒழுங்காகச் செய்தார். பெல்ட்டை மாட்டினார். இரண்டு சுற்று சுற்றினார். குறிகள் நேராக நின்றன. டார்க் ரெஞ்சுக்காகப் பின்னால் கையை நீட்டினார். மேசையில் இல்லை.

"என் ரெஞ்ச் எங்க?"

ஹரிகுமார் தாம்பாளத்தோடு வந்து நின்றார். குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம். "அது ஆத்யமே, முதல்லயே வச்சாச்சே அண்ணா. எல்லா வருஷமும் அதுதானே நடுவுல."

"எடுங்க சாரே. ஒரே ஒரு நட்டு."

"விளக்கு கொளுத்தியாச்சு அண்ணா. இனி எங்ஙனே எடுக்கிறது? செல்வகணேஷோட கையை மறந்துபோயோ?"

வீரபாண்டி கையில் இருந்த ரிங் ஸ்பானரை நட்டில் போட்டு இழுத்தார். அந்த இடுக்கில் ஸ்பானர் நாலு விரல்கடை தூரம்தான் நகரும். எடுத்து எடுத்துப் போட்டு இழுத்தார். இறுகினமாதிரி இருந்தது. கை போதும் என்றது.

"மதி அண்ணா, போதும். அதையும் இங்க தா" என்று ஹரிகுமார் தாம்பாளத்தை நீட்டினார். எண்ணெய்க் கையோடு ஸ்பானரைத் துடைத்து வீரபாண்டி அதில் வைத்தார். அதுவும் சந்தனம் பூசிக்கொள்ள உள்ளே போனது.

மனசு ஒட்டவில்லை. வண்டியை இங்கேயே நிறுத்திவிடச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் இரண்டு நாள் மலையில் செண்பகவல்லிக்கு வண்டியில்லை. துலாமாச மழை வேறு மத்தியானமானால் இடியோடு வந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு இங்க தங்கிருங்களேன்" என்றார். "வீட்டுல பிரேமா இருக்கா. ஒரே ரூமுதான், சமாளிச்சுக்கலாம்."

செண்பகவல்லி சிரித்தாள். "வண்டிக்கு மாலை கட்டி ஈரத்துணியில சுத்தி வச்சிட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. போகலேன்னா பூவெல்லாம் வாடிப்போகும். லயத்துல எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க. எங்களுக்கும் இன்னைக்குப் பூஜை வச்சா தசமியன்னைக்குத்தான் எடுப்பு. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தித்தான் வண்டி அசையும்."

அதைக் கேட்டதும் வீரபாண்டிக்குப் பாரம் இறங்கியது. நாளை முழுக்க அந்த வண்டி மாலை போட்டுக்கொண்டு நிற்கப் போகிறது. வீடு போய்ச் சேரும் அளவுக்கு நட்டு தாங்கும். அப்புறம் என்ன?

"தசமி காலையில நானே மலைக்கு வாறேன்" என்றார் ஆறுமுகசாமியிடம். "அதுவரைக்கும் சாவியைத் தொடாத. ஒரு முறுக்கு பாக்கி இருக்கு. பெருசா ஒண்ணுமில்ல."

சொல்லித்தான் அனுப்பினார். ஒளிக்கவில்லை. ஆனால் கடைசி வார்த்தையை ஏன் சொன்னோம் என்று பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாரோ, அவருக்குத்தான் தெரியும்.

நவமியன்று வேலை இல்லை. பிரேமா சுண்டல் செய்திருந்தாள். வீரபாண்டிக்கு வாயில் ருசிக்கவில்லை. ஆறுமுகசாமிக்குப் போன் போட்டார். மலையில் டவர் கிடைத்தால் அதிசயம், கிடைக்கவில்லை.

"என்ன, புழுவை முழுங்கினமாதிரி இருக்கீங்க?" என்றாள் பிரேமா.

"ஒரு நட்டு. டிக் கேக்கலை."

"வண்டிதான் பூஜையில இருக்குல்லா. பின்ன என்ன?"

அவரும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டார். இருந்தும் சட்டையை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வரை நடந்தார். ஆபீஸ் அறை பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தார். எண்ணெய் வற்றாமல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் ரெஞ்ச், அதன் கழுத்தில் ஒரு துளசி மாலை. வேறு எங்காவது கேட்டு வாங்கலாமென்றால், ஊரிலிருந்த ரெஞ்சும் ஸ்பானரும் அத்தனையும் அன்று சந்தனம் பூசிக்கொண்டு படுத்திருந்தன. சரஸ்வதி எந்தக் காலத்தில் நட்டு முறுக்கினாள், அவளுக்கு எதற்கு ரெஞ்ச் என்று அங்கே நின்று கேட்க ஒரு நாத்திகன் இல்லாமல் போனான். வீரபாண்டி செருப்பைக் கழற்றிக் கண்ணாடிக்கு வெளியே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். மழை பிடித்துக்கொண்டது.

விஜயதசமி காலையில் ஹரிகுமார் கற்பூரம் காட்டி முடிக்கும்வரைகூட அவர் பொறுக்கவில்லை. ரெஞ்சையும் ஸ்பானரையும் எடுத்துப் பைக்குள் போட்டார். "பிரசாதம் வாங்கிட்டுப் போ அண்ணா" என்று ஹரிகுமார் கூப்பிட்டார். பைக் அதற்குள் கிளம்பிவிட்டது. வழியெல்லாம் கோயில் வாசல்களில் சின்னக் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நெடுமங்காடு தாண்டும்போது போன் அடித்தது, மலையில் எப்படியோ டவர் கிடைத்திருக்கிறது. ஆறுமுகசாமி. பைக்கை ஓரம் கட்டினார்.

"கெளம்பிட்டேன் ஆறுமுகம், வந்துகிட்டே இருக்கேன். சாவியைத் தொடாத."

"அண்ணாச்சி, செண்பகம் போயிட்டா" என்றார் ஆறுமுகசாமி. "நேத்து மத்தியானம். வண்டி பாதியில நின்னுபோச்சு. நீங்க வர்ற வழியிலதான் நிக்குது."

ஒரு பேக்கரி வாசலில் பைக் மேல் உட்கார்ந்தபடியே வீரபாண்டி இருந்தார். யாரோ வந்து, சேட்டா, வண்டி எடுக்கணும், கொஞ்சம் மாற்று என்றார்கள். மாற்றினார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அவரும் மனிதர்தானே. பிறகு மலைப்பக்கம் திருப்பினார்.

செக்போஸ்ட்டுக்கு மேலே, காட்டுப்பாதையில், ஒரு சின்ன மேட்டின் அடியில் வெள்ளை டாக்ஸி நின்றது. பானெட்டில் கட்டிய மாலை மழையில் நைந்து ஒட்டிக்கிடந்தது. மஞ்சளும் குங்குமமும் வழிந்து விளக்கின் மேல் இறங்கியிருந்தன. பின்கதவு சரியாகச் சாத்தவில்லை. வீரபாண்டி பைக்கை நிறுத்தி, பையைத் திறந்தார். ஸ்பானர் எடுத்து மூடியைக் கழற்றினார். நட்டு வரை கையை விட்டார். ரெஞ்ச் வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலில் நட்டு சுற்றியது. உருளை நழுவி, பெல்ட் பல் தாண்டி, தொய்ந்து தொங்கியது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் யானைக்கு வலிக்கும். இங்கே சறுக்கியது ஒருவர், செத்தது ஒருத்தி. அவர் அந்த மாலையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

லயத்தில் கூட்டமாக இருந்தது. காலையிலேயே எடுத்துவிட்டார்கள். ஆறுமுகசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீரபாண்டியைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார வைத்து, கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு ஒரே ஓட்டமாக வந்தது.

"மழை மூடுச்சு. இளைப்பு வந்துச்சு. மருந்து உறிஞ்சினா, கேக்கலை. பக்கத்து வீட்டு ரேஷ்மியையும் ஏத்திக்கிட்டு எடுத்தேன். இறக்கத்துல வர்றப்போ டமார்னு ஒரு சத்தம், என்ஜின் செத்துப்போச்சு. சரி, இறக்கம்தானேன்னு நியூட்ரல்ல உருட்டுனேன். உருண்டுச்சு அண்ணாச்சி, ரொம்ப தூரம் உருண்டுச்சு. அப்புறம் அந்த மேடு. சின்ன மேடுதான். நானும் ரேஷ்மியும் தள்ளுனோம். ஏறலை. செண்பகம் கதவைத் திறந்து, நானும் எறங்கித் தள்ளுறேன்னா. மூச்சு விட முடியாதவ. அப்புறம் பேச்சு வரலை. லீவு நாளு, ஒரு வண்டி இல்ல. கடைசியில ஒரு ஜீப்பு வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கும்போது ஒண்ணுமில்ல."

வீரபாண்டியின் தோளில் பை தொங்கியது. உள்ளே ரெஞ்ச் கனத்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். ஊரையே வாயால் வறுத்தெடுக்கிற மனிதருக்கு அன்று ஒரு வார்த்தை எழவில்லை. பால் விடாத கட்டங்காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு இறங்கினார்.

அடுத்த வாரம் ஒரு மினிலாரி வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் போனது. வேறு யாரையும் அவர் தொட விடவில்லை. என்ஜின் தலையைக் கழற்றியபோது திறந்து மூடும் வால்வுகள் எல்லாம் வளைந்திருந்தன. ஹரிகுமார் குனிந்து பார்த்தார். டென்ஷனரையும் பார்த்தார். தொழில் தெரிந்தவர்தான், சொல்லித் தர வேண்டாம்.

"நட்டு லூஸ்னு பறயண்டா அண்ணா" என்றார் மெதுவாக. "பெல்ட் டூப்ளிகேட்டுன்னு சொல்லு. கேட்டா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் பதில் சொல்லட்டும். ஒர்க்‌ஷாப்போட பேரு போகும். போனவங்க இனி திரிச்சு வருவாங்களா?"

வீரபாண்டி வால்வுகளை மாற்றி, தலையைத் திரும்பப் பூட்டி, இன்னொரு புது பெல்ட்டை மாட்டி, இரண்டு சுற்று சுற்றினார். அந்த நாட்களில் அவர் யாரையும் திட்டவில்லை. யாரும் 'டிக் கேட்டாச்சா' என்று கேட்கவுமில்லை. வீட்டில் பிரேமா போட்ட டீயைத் தொடவில்லை. போனக்காட்டுத் தேயிலைத்தூள் இன்னும் பாதி டப்பா இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஆறுமுகசாமி வந்தார். மொட்டையடித்திருந்தார். சட்டை தொளதொளத்தது. திறந்திருந்த பானெட்டுக்கு முன்னால் நின்று உள்ளே பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி ஆச்சு? பெல்ட்டா?"

"டூப்ளிகேட் பெல்ட் ஆயிருந்து" என்று ஆபீஸ் வாசலிலிருந்து ஹரிகுமார் சொன்னார்.

"இல்ல" என்றார் வீரபாண்டி. கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பெல்ட் நல்ல பெல்ட்டு. அன்னைக்கு ஒரு முறுக்கு பாக்கின்னு சொன்னேன்லா. அது இந்த நட்டு. அது கழண்டுதான் நின்னுச்சு. என் கை வேலைதான் ஆறுமுகம். அன்னைக்கு உன் வீட்டுல உக்காந்திருக்கும்போதே எனக்குத் தெரியும்."

ஹரிகுமார் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆறுமுகசாமி நட்டைப் பார்த்தார். சுண்டுவிரல் நகம்போல ஒரு சின்ன நட்டு. "பெருசா ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க" என்றார்.

"சொன்னேன்."

"ஏன் முறுக்கலை?"

"ரெஞ்ச் பூஜையில இருந்துச்சு. விளக்கு ஏத்தியாச்சு. எடுக்கப் பயந்துட்டேன்."

அடிப்பார் என்று வீரபாண்டி நினைத்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார். ஆறுமுகசாமி அடிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"எங்க வண்டியும் பூஜையிலதான் அண்ணாச்சி இருந்துச்சு" என்றார். "வாசல்ல நிறுத்தி, விளக்கு வச்சு, லயமே சுத்தி நின்னு கும்பிட்டுச்சு. அவளுக்கு மூச்சு முட்டுனதும் விளக்கைக் காலால தள்ளி விட்டுட்டு எடுத்தேன். மாலையைக்கூட அவுக்கலை. சாமி குத்தம் ஆகும்னு ஒருத்தரும் சொல்லலை. அவதான் ஜன்னல் வழியா விளக்கை நோக்கிக் கும்பிட்டா."

வெளியே மெயின் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வீரபாண்டிக்கு மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் இவன் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே, அந்தச் சுமையையும் இவன் தலையில் ஏற்றுவதா என்று விழுங்கிவிட்டார்.

"வேலை முடிஞ்சுதா?" என்று ஆறுமுகசாமி கேட்டார். "வண்டி வேணும். லயத்துல இன்னும் ஆளுக இருக்காங்க."

"அந்த நட்டுதான் பாக்கி."

வீரபாண்டி மேசையிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்தார். அளவை வைத்தார். குனிந்தபோது ஆறுமுகசாமி கையை நீட்டினார்.

"குடுங்க. நான் முறுக்குறேன்."

இத்தனை வருஷத்தில் அந்த ரெஞ்சை வீரபாண்டி இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. கொடுத்தார். கைப்பிடியின் வரிகளுக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது. எங்கே பொருத்த வேண்டும் என்று விரலால் காட்டினார். ஆறுமுகசாமி பொருத்தினார். இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய வேலைக்குத் தயாராகிறவரைப்போல் மூச்சை இழுத்து, ஒரு இழுப்பு இழுத்தார்.

டிக்.

அவர் கை அப்படியே நின்றது. ரெஞ்சைப் பார்த்தார், நட்டைப் பார்த்தார், பிறகு வீரபாண்டியைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்" என்றார் வீரபாண்டி.